இரண்டு இரவு, மூன்று பகல்

நான் போவது ஊர் பார்க்க இல்லை.
நாற்பத்திரண்டு பீப்பாய் மாம்பழக்கூழ்
உப்பிவிட்டதென்று
சுலைமானியாவிலிருந்து படம் வந்திருக்கிறது.
வழியில் துறைமுகத்தில் காய்ந்த வெயிலாலா,
எங்கள் கொதிகலனாலா?
மூடியைத் திறந்து முகர்ந்து சொல்ல வேண்டும்.
முதலாளி விரல் மடக்கினார்:
போக வெள்ளி, பார்க்க சனி, வர ஞாயிறு.
நாலாவது விரலைத் தொடவேயில்லை.

விசா விண்ணப்பம் பெயர் கேட்டது.
சிவசெல்வி.
அப்பா பெயர் கேட்டது. மாதையன்.
தாத்தா பெயரும் கேட்டது.
கிருஷ்ணகிரியில் அவ்வளவு தூரம் யாரும் கேட்டதில்லை,
ஒற்றை எழுத்தில் அப்பாவே முடிந்துபோவார்.
காவேரிப்பட்டணத்துச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.
"ரேஷன் கார்டுல திம்மராயன்,
பட்டாவுல திம்மப்பன்.
உனக்கு எது வேணும்?"
பட்டாவில் இருந்ததை எழுதினேன்.
நிலத்தை விற்ற பிறகு
அந்தப் பெயருக்கு வேறு வேலை இல்லை.

பை ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும்.
இனிப்பு அளக்கும் கருவி, புளிப்பு அளக்கும் தாள்,
ஒரு வெப்பமானி, மூன்று காலிப் புட்டி,
எலுமிச்சை ஊறுகாய்.
அங்கே ராத்திரியில் மைனஸ் இரண்டாம்.
இங்கே மாசி பிறக்குமுன்பே
ஃபேனை மூன்றிலிருந்து நாலுக்குத் திருப்பியாயிற்று.
பஸ் ஸ்டாண்டு எதிரில் ஸ்வெட்டர் விற்றவர்கள்
பொங்கலோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.
ஓசூரில் கிடைக்கலாம் என்கிறார்கள்.

சரக்கு வாங்கிய ரேபவார்
உப்பிய பீப்பாய்களைத் தன் மொழியில் எண்ணுகிற
குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார்.
யெக், தூ, சே, ச்வார், பென்ஜ்.
பேக்கிங் பிரிவு ஷம்ஷாத் காதில் வைத்துக் கேட்டாள்.
"எங்க வீட்டுல எண்ற மாதிரியேதான்கா.
மூணுல மட்டும் தப்பு பண்றாரு."

பதிவின் கடைசியில் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்:
கிடங்கு வேலை முடிந்ததும்
கொய்ஜா மலைக்குக் கூட்டிப்போகிறேன்,
விளக்கு போடுகிற நேரம், ஒரு தேநீர், இருபது நிமிடம்.
அட்டவணையில் ஏற்றினேன்.
சனி, 5.40 முதல் 6.00 வரை: மலை.
"இது என்ன?" என்றார் முதலாளி.
கிடங்கு கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது என்றேன்.

பழையபேட்டைக்கு வந்து பத்தொன்பது வருஷம்.
சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும்
சையது பாஷா மலையில்
ஒரு படிகூட ஏறியதில்லை.
ஊர்விட்டு ஊர் போய் மூச்சுவாங்கி நிற்கக்கூடாதே என்று
ஞாயிறு காலை ஏறிப்பார்த்தேன்.
பாதியில் முட்டி பேசியது. உட்கார்ந்தேன்.
கீழே எங்கள் தெரு, எங்கள் மொட்டைமாடி,
தண்ணீர்த் தொட்டி.
அதன் மூடி திறந்து கிடந்தது.
எத்தனை நாளாகவோ
அதில்தான் பல் துலக்கியிருக்கிறோம்.

உச்சிக்குப் போகாமல் இறங்கிவந்து மூடினேன்.

ஜூன் பதினாலாம் தேதி கரண்ட் போய் வந்தது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு நிமிடம்.
கொதிகலன் முள் விழுந்ததை
நின்று பார்த்தவள் நான்.
பதிவேட்டில் அன்றைக்கு
'வெப்பம் சீர்' என்றிருக்கிறது,
என் கையெழுத்தில்.
வெளியே ஐம்பது லாரி தோத்தாபுரி
அழுகத் தயாராக வரிசையில் நின்ற நாள்.

கிடங்கில் சொன்னால் முதலாளிக்குப் போன் போகும்.
விமானநிலையத்தில் சொன்னால் ஓடிவந்தது போலிருக்கும்.
மலையில் சொன்னால்
அந்த மனிதர் வாங்கித்தந்த தேநீர்
கையில் இருக்கும்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன்.
இரண்டு ரூபாய்.
பையில் துண்டுக்கு அடியில் வைத்து
எடை பார்த்தேன்:
ஆறு கிலோ எண்ணூறு.

பெங்களூர் பஸ் நாளை ராத்திரி பத்தரைக்கு.
ஸ்வெட்டர் இன்னும் வாங்கவில்லை.